பொன்னாடை போன இடம்

கயலு, மாறா,

நம் வீட்டு நடுச்சுவரில் காலண்டருக்கும் கடிகாரத்துக்கும் நடுவே ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. அதில் நான் ஒரு மேடையில் நிற்கிறேன். தோளில் பச்சைப் பொன்னாடை. வலது பக்கம் ஆஸ்பத்திரி டாக்டர், இடது பக்கம் மாட்டு டாக்டர், ஓரத்தில் பாதி முகம் மட்டும் தெரிகிற சுகாதார ஆய்வாளர். நான் சிரிக்கிறேன். அத்தனை பல்லும் தெரிய நான் சிரித்த ஒரே போட்டோ அதுதான்.

போன மாதம் காலேஜ் லீவில் வந்திருந்தபோது கயல் கேட்டாள்: "போட்டோ இருக்குது, பொன்னாடை எங்கப்பா? பீரோ முழுக்கத் தேடிட்டேன்."

உங்கம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். "உங்கப்பாரு அதை நல்ல காரியத்துக்குக் குடுத்துட்டாரு."

ஏதோ கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். நானும் திருத்தவில்லை. பொய் சொல்லாமலே நல்ல பேர் வாங்குவது எனக்குக் கைவந்த கலை.

இந்த வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியே திருத்திவிடுகிறேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழையைப் பத்திரிகை ஆபீசில் பார்த்துக்கொள்வார்கள். மற்றப் பிழைகளை நான்தான் பார்க்க வேண்டும்.

சாமி மண்

அப்போது நான் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் மண் மேஸ்திரி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு சூளை, ஒன்பது ஆட்கள், ஒரு முதலாளியம்மா. கொலுவுக்கு மூன்று மாதம் முன்பே பிள்ளையாரும் முருகனும் சரஸ்வதியும் அச்சிலிருந்து வரிசையாக இறங்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இறங்குகிற எல்லாரும் சூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. அச்சைப் பிரிக்கும்போதே தும்பிக்கை ஒடியும், வேல் வளையும், வீணை தனியாக வந்துவிடும். சுடாத அந்தப் பச்சை உடைசலைத் தூக்கி எறிய மாட்டோம். கொட்டகைக்குப் பின்னால் ஒரு சிமெண்ட்டுத் தொட்டி இருந்தது. அதில் போட்டு ஊறவைத்து, காலால் மிதித்துக் கட்டி போக்கி, மறுபடி மிஷினில் விட்டுக் கலக்குவோம். ஊறவைப்பது என் வேலை. மிதிப்பது உங்கம்மாவும், எங்களோடு வேலை செய்த செல்லம்மாக்காவும்.

மிதிப்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. சாமி உருவத்தோடு இருக்கும்போது மேலே காலை வைக்கக் கூடாது. முழுக்கக் கரைந்த பிறகு மிதிக்கலாம், அப்போது அது மண். ஆனால் வெறும் மண் என்றும் சொல்லிவிட முடியாது, நேற்றுவரை முருகனாக இருந்தது அல்லவா. அதனால் காலில் எதையும் போட்டுக்கொண்டு மிதிக்கக் கூடாது.

பாதுகாப்பு, கீதுகாப்பு என்று யாரோ ஓர் அதிகாரி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போன மறுநாள், முதலாளியம்மா இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிவந்து ஆணியில் மாட்டினார். செல்லம்மாக்கா அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூட்ஸ் காலோட சாமிய மிதிச்சா, அந்தச் சாமி யாரு வூட்டுக் கொலுவுல போயி மரியாதையா உக்காரும்?"

பூட்ஸ் ஆணியிலேயே தொங்கியது. ஒன்றுக்குள் பல்லி முட்டை வைத்தது. அதிகாரி மறுபடி வந்தபோது, பூட்ஸ் இருக்கிறதா என்றுதான் பார்த்தார். இருந்தது. எழுதிக்கொண்டு போனார்.

வெறுங்காலால் சாமியை மிதிக்கலாம், பூட்ஸ் காலால் கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று நான் கேட்கவே இல்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

என் கண்டுபிடிப்பு

நம் செவல மாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாறனை இரண்டு தடவை முட்டித் தள்ளியது. வீட்டில் கட்ட இடமில்லாமல், முதலாளியம்மாவிடம் கேட்டு, தொட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாய்ப்புப் போட்டுக் கட்டியிருந்தோம். மாட்டின் காலடியில் கோமியம் தேங்கிச் சேறாகிக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயம் வடக்கேயிருந்து சூளை பூச வந்த ஒருவர், மாட்டு மூத்திரம் கலந்தால் மண் நன்றாக இழையும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். பீடி பற்றவைக்கிற இடைவெளியில் சொன்னார். பீடி முடிந்ததும் அவர் அதை மறந்திருப்பார். நான் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்துக் கம்பெனிச் சூளையில் விரிசல் விட்ட பீங்கான் குழாய்கள் எங்கள் மூலையில் கிடந்தன. ஏழு குழாய்களை நெடுக்காகப் பிளந்து, மாடு நிற்கும் இடத்திலிருந்து தொட்டிவரைக்கும் சாய்வாகப் பதித்தேன். தொட்டிச் சுவரில் உள்ளங்கை நுழைகிற அளவு ஓர் ஓட்டை போட்டேன். மாட்டுக்கு இடம் காய்ந்தது, மண்ணுக்குக் கோமியம் கிடைத்தது. எதற்கும் ஒரு செலவும் இல்லை. கோமியம் சுத்தப்படுத்தும் என்று நமக்குத் தெரியாதா. சாமி மண்ணில் கோமியம் சேர்கிறது. இதைவிடச் சுத்தமான தொட்டி இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்காது.

முதலாளியம்மா மண்ணை இரண்டு விரலில் உருட்டிப் பார்த்தார். "வெண்ணெ மாதிரி இருக்குது மேஸ்திரி" என்றார். அந்த ஒரு சொல்லை நான் ஒரு மாதம் வைத்துத் தின்றேன். பெண்ணாடத்திலிருந்து சுண்ணாம்பு ஏற்றிவந்த டிராக்டர்காரரைக்கூட விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய் வாய்க்காலைக் காட்டினேன்.

மண் இழைந்தது கோமியத்தாலா, இல்லை அந்த மாதம் ஆர்டர் குறைவாகி மண் கூடுதலாக ஊறியதாலா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

உங்கம்மா மட்டும் மெச்சவில்லை. "நாத்தம் கொடலைப் புடுங்குது" என்றாள்.

"சூளையில போட்டா எல்லாம் எரிஞ்சிடும்."

"பொம்மை சூளைக்குப் போவுது. என் காலு போவுதா?"

அன்றைக்கு அதை வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். அந்த வருஷம் முழுக்க எங்கள் ஊரில் பேசப்பட்ட ஒரே அறிவான பேச்சு அதுதான் என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

கன்றும் காய்ச்சலும்

கொரோனா ஓய்ந்து, மாஸ்க்கையெல்லாம் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்ட காலம் அது. ஆவணியில் நல்ல மழை. செவல ஏழு மாதச் சினை. ஒரு விடியற்காலை போய்ப் பார்த்தால், கன்று ஈரத்தோடு தரையில் கிடக்கிறது. உயிர் இல்லை. செவல அதை நக்கிக்கொண்டே நின்றது. அந்த நாக்கின் சொரசொரவென்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கண் பட்டுவிட்டது என்றார் செல்லம்மாக்கா. பூசணிக்காய் உடைத்தோம்.

பத்து நாள் கழித்து உங்கம்மாவுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சலாக இல்லை. "கெண்டக்கால் பிச்சிக்கிட்டுப் போவுது, தொட்டாலே உசுரு போவுது" என்றாள். கண் இரண்டும் மிளகாய்ப் பொடி தூவின மாதிரி சிவந்திருந்தது. நீங்கள் இரண்டு பேரும் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள். "அம்மாவுக்குச் சளி" என்று சொல்லி அனுப்பினேன். உங்களிடமும் பாதிதான் சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மூன்று வாசல்

முதல் வாசல், மனிதர்களுக்கான ஆஸ்பத்திரி. டாக்டருக்கு முன்னால் நீண்ட வரிசை. நான் பேச ஆரம்பித்தேன்.

"சார், எங்க மாட்டுக்கும் பத்து நாளா..."

"மாட்டுக்கு மாட்டாஸ்பத்திரிக்குப் போப்பா. இங்க யாருக்குக் காய்ச்சலு?"

காய்ச்சலை மட்டும் சொன்னேன். மூன்று நாள் மாத்திரை கொடுத்தார்.

இரண்டாவது வாசல், மாட்டாஸ்பத்திரி. "டாக்டரு, மாடு கொறமாசத்துல செத்த கன்னு போட்டுடுச்சிங்க, ஊட்டுக்காரிக்கும் ஒடம்பு..." என்று இழுத்தேன். அவர் செவலையின் கண் இமையை விரித்துப் பார்த்துக்கொண்டே, "மனுசங்களைப் பத்தி நான் சொல்லக் கூடாதுங்க. சொன்னா அந்த டாக்டருக்குக் கோவம் வரும்" என்றார். மரியாதையான மனுசர். மாட்டுக்கு ஊசி போட்டு, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று கேட்டார். மழைத் தண்ணிதான் சார் என்றேன்.

மூன்றாவது வாசல், சுகாதாரப் பிரிவு. கொட்டகையில் எலி அதிகம். மண் மூட்டைக்குள்ளும் எலி, செவலையின் தவிட்டு மூட்டைக்குள்ளும் எலி. எலியைப் பற்றிச் சொல்லப் போனேன். அங்கே சுகாதார ஆய்வாளர் பெரிய வரைபடத்தை மேஜைமேல் விரித்து, எங்கள் கொட்டகை இருக்கிற இடத்தில் பேனா முனையை வைத்தார். சூளை ஓர் எல்லைக்குள் வந்தது, தொட்டி இன்னோர் எல்லைக்குள் வந்தது.

"எலி எந்தப் பக்கம் இருக்குது?"

"ரெண்டு பக்கமும் ஓடுதுங்க."

"அப்ப ரெண்டு ஆபீசுலயும் மனு குடுக்கணும்."

ஒரே எலிக்கு இரண்டு மனு. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் சொன்ன பொய்

மாத்திரை முடிந்த மறுநாள் உங்கம்மாவின் கண் மஞ்சளாகிவிட்டது. கட்டிலில் சேர்த்தார்கள். அந்த வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார், கருவேப்பிலங்குறிச்சிக்காரர். வீட்டில் நாலு மாடு வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் என்று பிறகு தெரிந்தது. ஊசியைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அண்ணா, வூட்ல மாடு கன்னு இருக்குதா?"

"ஒரு மாடு இருக்குது சிஸ்டர்."

"அது எப்படி இருக்குது?"

அத்தனை வாசல் ஏறி இறங்கினேனே, யாராவது இந்த ஒரு கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்றுதானே. கேட்டுவிட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா.

"நல்லா இருக்குது சிஸ்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன். மாடு என்றால் எங்கே கட்டியிருக்கிறாய் என்று கேட்பார்கள். தொட்டிக்குப் பின்னால் என்றால் வந்து பார்ப்பார்கள். வந்து பார்த்தால் வாய்க்காலைப் பார்ப்பார்கள். ஒரு மாதமாக ஊரைக் கூட்டி நான் காட்டிய அதே வாய்க்காலை, ஒருவர் கண்ணிலும் படக் கூடாது என்று அந்த ஒரு நொடியில் முடிவு செய்தேன். என் மனசுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் உங்கம்மாவுக்குச் சிறுநீர் இறங்குவது குறைந்துபோனது. கால் வீங்கியது. டாக்டர் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மத்தியானம் வரைக்கும் பார்ப்போம், இல்லன்னா பாண்டிக்கு எழுதித் தரேன், கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் நீங்கள் படிக்கத்தான் வேண்டும்.

சிஸ்டர் இந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை. கட்டிலருகே குனிந்து உங்கம்மாவைக் கேட்டார். உங்கம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"மாடு செத்த கன்னு போட்டு ரெண்டு வாரம் ஆவுதும்மா. அதுக்கும் கண்ணு இப்படித்தான் செவந்து கெடந்துச்சி. இந்த மனுசன் சொல்லலியா?"

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. "நேத்துக் கேட்டனே அண்ணா" என்றார், அவ்வளவுதான். என் அப்பா புளியம் விளாரால் அடித்த அடியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அவர் போய் டாக்டரிடம் சொன்னார். பிறகு தன் செல்போனை எடுத்து மாட்டு டாக்டருக்கே பேசினார். இரண்டு நிமிஷம். இன்னின்ன அறிகுறி, இன்ன தேதி என்று இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மேடை இல்லை, மைக் இல்லை, மாலை இல்லை. அந்த டவுனில் மனித ஆஸ்பத்திரியும் மாட்டாஸ்பத்திரியும் ஒன்றோடு ஒன்று பேசி நான் பார்த்தது அந்த இரண்டு நிமிஷம்தான்.

ரத்தம் எடுத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். மத்தியானம் தாண்டியது, பாண்டிக்குப் போகவில்லை. எலிக்காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் நாள் உங்கம்மா கண்ணைத் திறந்து, "மொகத்தைக் கழுவிட்டு வாங்க, பாக்க சகிக்கல" என்றாள். பிழைத்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

குற்றவாளி கிடைத்தான்

எலிக்காய்ச்சல் என்ற பேரைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது. பேரிலேயே குற்றவாளி இருக்கிறான். நான் வேறு எதற்கு.

இது நமக்குப் புதிதும் இல்லை. கொரோனா வந்த புதிதில் நம் தெருப் புளியமரத்து வௌவாலையெல்லாம் வெடி வைத்து விரட்டினோமே, நானும் ஒரு சரம் கொளுத்தினேன். அதுகள் நேராகப் போய்க் கோயில் மரத்தில் தொங்கின. அங்கே யாரும் வெடி வைக்கவில்லை. கோயில் வௌவாலுக்கு நோய் வராது என்று ஒரு நம்பிக்கை. அதற்கப்புறம் நாங்கள் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, டீக்கடையில் தோளோடு தோள் உரசி நின்று, வௌவாலைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

சிஸ்டர் மட்டும் எலியோடு விடவில்லை. வீட்டுக்கு அனுப்புகிற அன்று எனக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுத்தார். எலி தவிட்டு மூட்டையில் மூத்திரம் விடுகிறது. அந்தத் தவிட்டை மாடு தின்கிறது. கிருமி மாட்டின் மூத்திரத்தில் வெளியே வருகிறது. அது தேங்கின தண்ணீரில், ஈர மண்ணில் உயிரோடு இருக்கும். வெடித்த பாதம் அதில் பட்டால் உள்ளே போய்விடும். வெயிலில் காய்ந்தால் செத்துவிடும்.

"எலி, மாடு, தண்ணி, மனுசன். இதுல எங்கியாவது ஒரு எடத்துல அறுத்தாப் போதும்ண்ணா. உங்க எடத்துல மாட்டு மூத்திரம் எங்கியாவது தேங்குதா?"

"மழைத் தண்ணிதான் சிஸ்டர்" என்றேன். நான் மறைத்தது இது மூன்றாவது தடவை.

அவர் எலி, மாடு, தண்ணி, மனுசன் என்று விரல் விட்டு எண்ணியபோது, ஏழு பீங்கான் குழாய்களும் என் கண்முன்னால் வரிசையாகக் கிடந்தன. மாட்டையும் தண்ணீரையும் சேர்த்து வைத்தவன் நான். உங்கம்மாவின் வெடித்த பாதம்வரைக்கும் சாய்வு பார்த்துக் கட்டிவிட்டவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் உங்கம்மா கேட்டாள். "அந்த வாய்க்காலை அடைச்சிட்டீங்களா?"

"ம்."

'ம்' என்பது பதில் இல்லை என்று உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

ஆப்பிள் மரமும் வெளிநாட்டு மாடும்

ஊரில் இரண்டு மாட்டுக்கு மேல் செத்த கன்று போட்டு, இன்னும் ஒன்றிரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்ததும், மேலே இருந்து உத்தரவு வந்துவிட்டது போலிருக்கிறது. மூன்று துறையும் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள். மனிதன், கால்நடை, சுற்றுச்சூழல் எல்லாம் ஒரே நலம் என்று பெரிய பிளெக்ஸ். அதில் ஒரு மனிதனும் மாடும் மரமும் கை கோத்து நின்றார்கள். மனிதன் கோட்டு போட்டிருந்தான். மாடு கறுப்பு வெள்ளைத் திட்டுப் போட்ட வெளிநாட்டு மாடு. மரம் ஆப்பிள் மரம். மூன்றில் ஒன்றும் எங்கள் பக்கம் கிடையாது.

மேடையில் யார் நடுவில் உட்காருவது என்று அரை மணி நேரம் ஓடியது. கடைசியில் நடு நாற்காலியைக் காலியாக விட்டார்கள். பேசிய ஒவ்வொருவரும் துறைகள் ஒருங்கிணைய வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்தவர் பேசும்போது செல்போனைப் பார்த்தார்கள்.

மாட்டு டாக்டர் என் காதருகே குனிந்தார். "உங்க ஊட்டம்மாவுக்கு அங்க என்னா மருந்து குடுத்தாங்க?"

ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"அவரையே கேளுங்களேன் சார்."

"வேணாம், அவரு பிஸியா இருப்பாரு."

அவர் சமோசா தின்றுகொண்டிருந்தார்.

சிஸ்டரை மேடைக்கு யாரும் கூப்பிடவில்லை. அவர் வாசலில் நின்று வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்றால், பாதிக்கப்பட்ட குடும்பம் சார்பாக இரண்டு வார்த்தை பேச. உங்கம்மா இரண்டாவது வரிசையில் செல்லம்மாக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் மேடை ஏறுவதற்கு முன்னால், அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது.

"நீ இல்லாம கால் ஓயுது அமுதா. நேத்தும் நான் ஒருத்தியாத்தான் மிதிச்சேன். மண்ணு மட்டும் சும்மா சொல்லக் கூடாது, வெண்ணெதான்" என்றார் செல்லம்மாக்கா. சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றி, வெடித்த குதிகாலைத் தரையில் தேய்த்துச் சொறிந்தார்.

உங்கம்மா அந்தக் குதிகாலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் 'ம்'-க்கு அர்த்தம் அந்த இடத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மைக்கைப் பிடித்தேன். எனக்கு முன்னால் நூறு பேர். முதல் வரிசையில் முதலாளியம்மா. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

"எல்லாத்துக்கும் காரணம் எலிங்க" என்றேன். எலியைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். எலி மூட்டையைக் கடிக்கிறது, எலி நாசம் பண்ணுகிறது, எலியை ஒழிக்காமல் நாடு முன்னேறாது. கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். நீங்கள் சுவரில் பார்க்கிற சிரிப்பு அதுதான்.

எல்லாரும் தட்டினார்கள். உங்கம்மா கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

அந்த மூன்று பேரையும் இவ்வளவு நேரம் கிண்டல் செய்தேன். அவர்களுக்காவது ஆளுக்கு ஒரு வாசல்தான். மூன்று வாசலையும் ஏறி இறங்கியவன் நான் ஒருத்தன். மூன்றையும் இணைக்கிற அந்த ஒரு சங்கதி என் கையில் மட்டும்தான் இருந்தது. நான் அதற்கு மேல் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டேன்.

வழியில்

உங்கம்மாவைப் பின்னால் உட்காரவைத்து வண்டியில் திரும்பினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினேன். ஒரு சரக்கு ரயில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு சந்தேகம்" என்றாள்.

"என்னா?"

"எலிகிட்ட மைக்கு குடுத்திருந்தா அது என்னா சொல்லியிருக்கும்?"

நான் ரயில் பெட்டிகளை எண்ணுகிற மாதிரி நடித்தேன்.

"எனக்கு வந்துச்சி, போச்சி. செல்லம்மாக்காவுக்குப் பார்க்க யாரு இருக்காங்க? அந்த அக்கா ஒண்டிக்கட்டை" என்றாள். கேட் திறந்தது.

மறுநாள் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். முதலாளியம்மா என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதினால் இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள். தொட்டி மண் முழுவதையும் வாளியில் அள்ளி, சாக்கடைக்கு விடாமல், தகரத்தின்மேல் பரப்பி வெயிலில் காயவைத்தோம். கொலு ஆர்டரில் பாதி கைவிட்டுப் போனது. மேஸ்திரிப் பட்டமும் போனது. செல்லம்மாக்காவை நானே சிஸ்டரிடம் கூட்டிப்போனேன், டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கித் தந்தார். காய்ச்சல் வரவில்லை. பூட்ஸும் ஆணியிலிருந்து இறங்கியது. "சாமி மன்னிக்கட்டும், இந்த மேஸ்திரிய மட்டும் மன்னிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா காலை உள்ளே விட்டார்.

ஆனால் அதெல்லாம் மறுநாள்.

ஞாயிற்றுக்கிழமை

உங்கம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். டீக்கடைக்குப் போகவில்லை. கொட்டகைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒருவரும் இல்லை. சாயங்கால வெயில் தகரத்தில் பட்டு, டிக் டிக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

உள்ளே ஒரு கரும்பலகை உண்டு. தொட்டி மண் எத்தனை நாள் ஊறியது என்று நான்தான் அதில் எழுதுவேன். அழித்துவிட்டு எழுதினேன்: 'இந்த மண்ணை யாரும் மிதிக்காதீர்கள். அமுதாவுக்குக் காய்ச்சல் வந்தது இந்தத் தொட்டியில். மாட்டு மூத்திரத்தை இதில் விட்டது நான்.' கீழே என் பேரைப் போட்டேன். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. ஒன்றை மட்டும் கண்டுபிடித்துத் திருத்தினேன்.

பிறகு பின்பக்கம் போனேன். வாய்க்காலைப் பெயர்க்கலாம் என்று பார்த்தால், கடப்பாரை முதலாளியம்மாவின் அறைக்குள் பூட்டிக் கிடந்தது. செவல என்னைப் பார்த்துக் கத்தியது. அதை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டலாமென்றால், சுற்றிலும் மழைச் சேறு. விடிகிறவரைக்குமாவது ஓட்டையை அடைத்தாக வேண்டும். சாக்குத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

அப்போதுதான் தோளில் அது இன்னும் கிடப்பது தெரிந்தது. மண்டபத்திலிருந்து வண்டி ஓட்டி வந்திருக்கிறேன், உங்கம்மாவோடு கேட்டில் நின்றிருக்கிறேன், அவ்வளவு நேரமும் தோளிலேயே இருந்திருக்கிறது.

எடுத்து நாலாக மடித்தேன், இறுக்கிச் சுருட்டினேன். குழாய் வந்து முடிகிற அந்த ஓட்டையில், உள்ளங்கையால் குத்திக் குத்தித் திணித்தேன். சரிகை இருப்பதால் பொன்னாடை விறைப்பாக நிற்கிறது, நல்ல அடைப்பு. மேலே ஒரு கை காய்ந்த மண்ணை அள்ளி வைத்து அழுத்தினேன்.

செவல வாலைத் தூக்கியது. நான் இந்தப் பக்கம் வந்து, தொட்டிச் சுவரில் கையை ஊன்றிக் குனிந்து, ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பக்கம் செவல மூத்திரம் விடுகிற சத்தம் நின்றது. ஒரு சொட்டும் வரவில்லை.